பத்து நாள் ஞானஸ்நானம்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பிள்ளைகளின் மறைக்கல்வி நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒண்டிக்கடைப் பக்கம் குடியிருக்கும் அக்கா ஒருவர் வந்து நின்றார். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் சேலத்துப் பெண், இந்து.

"தம்பி, அடுத்த மாசம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும். பொண்ண அனுப்பி வைக்கிறேன், ஒரு பத்து நாள்ல செபமெல்லாம் சொல்லிக் குடுத்துருங்க. ஃபாதர் கேட்டா டக்குனு சொல்லணும். ஞானஸ்நானம் ஆயிட்டா அப்புறம் எல்லாம் தானா வந்துரும்."

இந்தத் 'தானா வந்துரும்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. அக்காவோடு இல்லை. அவர் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. அன்பியக் கூட்டத்திலும் கல்யாண மண்டபத்திலும் பங்குப் பேரவையிலும் இதையேதான் கேட்கிறேன். கத்தோலிக்கரல்லாத ஒருவரைக் கட்டப்போகிறவர் அவருக்குச் செய்ய வேண்டிய முதல் உதவி, தாலிக்கு முன்னால் ஞானஸ்நானம். விளக்கம் அதற்குப் பிறகு. விசுவாசம் அதற்கும் பிறகு. ஏற்காட்டு மலைமேல் மட்டுமல்ல, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போனாலும் இதே வரிசைதான். இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் இரண்டு வழி இருந்தால் பிள்ளைகள் குழம்பும். புருஷன் நன்மை (நற்கருணை) வாங்கப் போகும்போது பெண்டாட்டி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். நாளைக்கு ஒரு சாவு என்றால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்குமா? கல்யாணத்துக்கு முன்னால் சரி என்று சொல்கிற பெண், கல்யாணத்துக்குப் பிறகும் சொல்வாளா? பயம் எல்லாம் உண்மைதான். பயத்துக்குக் கண்டுபிடித்த மருந்துதான் தவறு.

இந்த மலையில் குடியிருந்துகொண்டு, செபம் மனப்பாடமானால் விசுவாசம் வந்துவிட்டது என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். குளூனி சபைச் சகோதரிகள் இங்கே திரு இருதயப் பள்ளியைத் தொடங்கியது 1894-ல். கபிரியேல் சபைச் சகோதரர்களின் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் வந்தது. பல பத்தாண்டுகளாக இந்து, முஸ்லிம், பார்சிப் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சசி தரூர் சிறுவனாக மான்ட்ஃபோர்ட்டில் படித்தவர். அதன் பிறகும் பம்பாயில் கேம்பியன், கல்கத்தாவில் சேவியர், டெல்லியில் ஸ்டீபன் என்று இந்தியாவில் தன் படிப்பைக் கிறிஸ்தவ நிறுவனங்களிலேயே முடித்தவர். 2018-ல் அவர் எழுதிய புத்தகம், தான் ஏன் இந்து என்பதைப் பற்றியது! எனக்கு அதில் மனக்குறை ஏதும் இல்லை. பள்ளிக்கூடம் ஆள் பிடிக்கிற இடமல்ல. நான் சொல்ல வந்தது வேறு. பத்து வருஷம் விடுதியில் கிடந்து, அருள்நிறை மரியேயைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய பையனைக் கத்தோலிக்கன் என்று எந்தச் சாமியாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. அதே செபத்தைப் பத்து நாளில் திக்கித் திணறி ஒப்பிக்கிற மணப்பெண்ணை மட்டும் எழுதிவிடுகிறோம். என்ன கணக்கு இது?

கோயிலில் கல்யாணம் நடக்க வேண்டுமானால் இரண்டு பேரும் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாத ஒருவரை மணக்கத் திருச்சபைச் சட்டத்தில் ஒரு தடை இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் எண் 1086. அந்தத் தடையை நீக்கி விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரம் மறைமாவட்ட ஆயருக்கு உண்டு. நம்முடையது சேலம் மறைமாவட்டம். விதிவிலக்குக்கு உரோமாபுரிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, மலையிறங்கி ஆயர் அலுவலகம் வரை காகிதம் போனால் போதும். நாட்டின் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருக்கும் கல்யாணத்தையும் ஏற்கிறது. 'ரிஜிஸ்டர் ஆகாது' என்று மணப்பெண்ணை மிரட்டுகிறவர்கள் ஒன்று அறியாதவர்கள், இல்லையென்றால் அறிந்தே சொல்கிறவர்கள்.

அந்த விதிவிலக்குக்கு என்ன நிபந்தனை? எண் 1125-ஐப் படித்தால் நம்முடைய வழக்கத்தை நினைத்து வெட்கப்பட வேண்டியிருக்கும். வாக்குறுதி கொடுக்க வேண்டியவர் கத்தோலிக்கர். தன் விசுவாசத்திலிருந்து விலக மாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று அவர் சொல்ல வேண்டும். அப்படி அவர் சொல்லியிருக்கிறார் என்பதை மற்றவருக்கு உரிய காலத்தில் தெரியப்படுத்த வேண்டும். திருமணம் என்றால் என்ன, அதன் நோக்கம் என்ன என்பதை இருவருக்கும் விளக்க வேண்டும். முடிந்தது. கத்தோலிக்கரல்லாதவர் எந்த வாக்குறுதியிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. பழைய 1917 சட்டத்தில் அவரிடமும் உறுதிமொழி வாங்கினார்கள். 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை எடுத்துவிட்டார். அவர் எடுத்துவிட்டதை ஐம்பது வருஷம் கழித்தும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் உறுதிமொழியாக அல்ல, ஞானஸ்நானமாகவே!

இன்னொரு மடத்தனத்தையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பெண் சி.எஸ்.ஐ. என்றால் 'நம்ம முறைப்படி இன்னொரு ஞானஸ்நானம்' என்று கேட்டு வருகிறார்கள். தண்ணீராலும் மூவொரு கடவுளின் பெயராலும் முறையாகப் பெற்ற ஞானஸ்நானத்தை இரண்டாம் தடவை கொடுக்க முடியாது. அவருக்கு விதிவிலக்குகூட வேண்டாம், ஆயரின் அனுமதி போதும்.

சட்டத்தை நீட்டினால் "சட்டம் கிடக்கட்டும் சார், அருள் தானா வேலை செய்யும்" என்பார்கள். அந்தக் கட்சியின் கையில் இருக்கும் உறுதியான வாதம் இதுதான். பிறந்த குழந்தைக்கு என்ன தெரியும்? அதற்குக் கொடுக்கிறோமே, மருமகளுக்குக் கொடுத்தால் என்ன? குழந்தைக்குக் கொடுப்பது, தூக்கிக்கொண்டு வரும் தாய் தகப்பனுடைய விசுவாசத்தை நம்பி. வயது வந்தவருக்கு அப்படி இரவல் விசுவாசம் செல்லாது. அவருக்கு அதைப் பெறும் விருப்பம் வெளிப்படையாக இருக்க வேண்டும், விசுவாச உண்மைகள் போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்க்கையில் பழகிப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது எண் 865. உள்ளே துளிகூட விருப்பமில்லாமல் மாமியாருக்காகத் தலையை நீட்டினால், அந்தச் சடங்கு செல்லுமா என்ற கேள்வியே வந்துவிடும். அது செல்லாதென்றால், விதிவிலக்கு வாங்காமல் நடத்திய கல்யாணமும் கூடவே ஆட்டம் காணும். எதிர்நிரூபணம் வராதவரை ஞானஸ்நானம் செல்லும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பதால் யாரும் இதைப் படித்துவிட்டு அலற வேண்டாம். ஆனாலும், குடும்பத்தைக் கெட்டிப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அஸ்திவாரத்திலேயே சந்தேகத்தைப் போட்டுக் கட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ தந்திரம் செய்தோ யாரையும் விசுவாசத்துக்குள் இழுக்கக் கூடாது, வருகிறவர் எதற்காக வருகிறார் என்று பார்த்து அந்த நோக்கத்தைத் தூய்மையாக்க வேண்டும் என்று 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் நற்செய்திப் பணி ஏட்டில் சொல்லிவிட்டது. 'ஞானஸ்நானம் வாங்கினாத்தான் கல்யாணம்' என்பது ஆசை காட்டுவதா, கட்டாயமா? எனக்கு இரண்டாகவும் தெரிகிறது.

பிள்ளைகள் குழம்புவார்களாம். பிள்ளைகளைப் பற்றிய வாக்குறுதியைத்தான் கத்தோலிக்கர் ஏற்கனவே கொடுத்துவிட்டாரே. ஒரு பிள்ளை, "எனக்கு அது தெரியாது கண்ணு, அப்பாகிட்ட கேளு" என்று சொல்லும் அம்மாவைப் பார்த்துக் குழம்புவதில்லை. பூசையில் எல்லாவற்றுக்கும் வாயசைத்துவிட்டு வீட்டில் எதையும் நம்பாத அம்மாவைப் பார்த்துத்தான் குழம்பும். விசுவாசம் என்பது ஒரு ஃபாரம், நிரப்பிக் கொடுத்தால் காரியம் ஆகும் என்று அது கற்றுக்கொள்ளும். என் மறைக்கல்வி வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வகையிலிருந்து கேள்வி வருகிறது என்று எனக்குத் தெரியும்.

சாவைப் பற்றிய பயத்துக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. ஞானஸ்நானத்துக்காகத் தயாராகிக்கொண்டிருப்பவர் இடையில் இறந்துபோனால், அடக்கச் சடங்கில் அவரைக் கிறிஸ்தவராகவே கருத வேண்டும். விருப்பமுள்ளவர் சாகக் கிடந்தால் பக்கத்தில் நிற்கும் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், சாமியார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே நாளைக்கே உலகம் முடிந்துவிடும் என்பதுபோல ஒரு புதுப்பெண்ணை விரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டினால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். நம் குடும்பங்கள் பலவற்றில் மணமகளைத் தேடும்போது முதலில் பார்ப்பது மதமல்ல, சாதி. வேறு சாதிக் கத்தோலிக்கப் பெண் பக்கத்துப் பங்கிலேயே இருப்பாள். அவளை விட்டுவிட்டுச் சொந்தச் சாதியில் இந்துப் பெண்ணைப் பேசி முடிப்பார்கள். கடைசிப் பதினைந்து நாளில்தான் திருச்சபை ஞாபகத்துக்கு வரும். சாதியை மாற்ற முடியாது, மதத்தைத் தண்ணீர் ஊற்றி மாற்றிவிடலாம் என்கிற கணக்கு. இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் 'ஆன்மாவை இரட்சிக்கிறோம்' என்று சொல்லும்போது எனக்கு இருமல் வருகிறது.

அந்தப் பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவளாக இருந்தால் அவள் இழக்கப்போவது என்ன என்று யாராவது அவளுக்குச் சொல்கிறோமா? 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகிவிட்டால் பட்டியல் சாதிச் சான்றிதழ் போய்விடும். தமிழ்நாட்டில் அவள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவாள். ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்கும் போய்க்கொண்டு சான்றிதழுக்கு மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த ஆணை நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்பேன். தலித் கிறிஸ்தவர்கள் அதை எதிர்த்துப் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். ஆனால் இன்றைக்கு நடைமுறையில் இருக்கிறது. நம் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பழங்குடி ஆணை மதத்தைக் கேட்பதில்லை. எவளுக்கு எது என்று உட்கார வைத்துச் சொல்லாமல், பத்து நாளில் விசுவாசப் பிரமாணத்தை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவது உபதேசமல்ல. முழு விவரம் தெரிந்து, இழப்பது இன்னதென்று அறிந்து, அப்படியும் வேண்டும் என்று ஒருத்தி வந்தால், அந்த ஞானஸ்நானத்தின் முன்னால் நான் மண்டியிடுவேன்.

"சரி, குறை சொல்கிறாயே, உன் வீட்டில் என்ன கதை?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

என் மனைவி சேலம் அம்மாப்பேட்டைக்காரி. தறிக்குடும்பம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். விதிவிலக்கு வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்தக் காகிதத்தை வாங்க நான் அலைந்ததைவிட, ஏன் வாங்குகிறேன் என்று என் சொந்தக்காரர்களுக்கு விளக்க அலைந்தது அதிகம். கல்யாணத்துக்கு முன் நான் கொடுத்த வாக்குறுதியை அவளிடம் சொன்னேன், ஆனால் கடைசி வாரத்தில் சொன்னேன். இதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நியாயம்தான். பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் எந்த மதத்தில் வளரும் என்பது பந்தக்கால் நட்ட பிறகு சொல்கிற செய்தியா?

இன்னொரு தவறும் என்னுடையதுதான். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வேறோர் ஊருக்குப் போயிருந்தோம். எல்லாரும் வரிசையில் எழுந்து போனார்கள், அவளும் போனாள். ஞானஸ்நானம் பெறாதவர் நன்மை வாங்க முடியாது என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. யாரோ ஒரு பெரியம்மா கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். அதற்குப் பிறகு ஆறு மாதம் கோயில் பக்கமே வரவில்லை. தானாக வரும் என்று நினைத்தது அப்படித்தான் தானாகப் போயிற்று.

பிறகு ஒரு ராத்திரி அவள் ஒரு கேள்வி கேட்டாள். வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. "எங்க பாட்டி சாகற வரைக்கும் கோட்டை மாரியம்மனைத்தான் கும்பிட்டா. ஒருத்தருக்கும் கெடுதல் நினைச்சதில்ல. உங்க கணக்குப்படி அவ நரகத்துக்குத்தான் போயிருப்பாளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, என் ஞானோபதேசம் புது நன்மை வாங்கிய மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிருக்கிறது. நாற்பது வயதுக்காரன் கையில் எட்டு வயதுப் பையனின் பதில்களை வைத்துக்கொண்டு, படித்த பெண் ஒருத்திக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டிருக்கிறேன். போய்ப் படித்தேன். தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி வாழ்ந்தவர்களும் மீட்படைய முடியும் என்று 1964-ல் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய ஏடு பதினாறாம் எண்ணில் சொல்லியிருப்பதைக் கண்டுபிடித்து, அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத முதல்லயே சொல்லிருக்கலாம்ல?" என்றாள். அதன் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. சாமியைத் தின்பது என்றால் என்ன? செய்த பாவத்தை இன்னொரு மனுஷனிடம் ஏன் சொல்ல வேண்டும்? மரியாளைக் கும்பிடவில்லை என்கிறீர்கள், ஆனால் தேர் இழுக்கிறீர்களே? ஒவ்வொன்றுக்கும் நான் படித்தேன், கேட்டேன், சில நேரம் "தெரியல" என்றேன். கத்தோலிக்கரல்லாத துணைக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பது என்றால் முதலில் படிக்க வேண்டியவர் யார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கேள்வி பதில் நமக்குப் புதிதல்ல. தமிழ் எழுத்தில், 1578-ல், அச்சான முதல் நூலே ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' என்ற வேதபோதகப் புத்தகம். அடுத்த வருஷமே வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' குருவும் சீடனும் கேட்டுப் பதில் சொல்லும் முறையில் எழுதப்பட்டது. தத்துவ போதகர் என்று நாம் சொல்லும் இராபர்ட் தே நொபிலி 1623-ல் சேலத்துப் பக்கம் வந்தபோது பத்து நாள் கிளாஸ் நடத்தவில்லை. மதுரையில் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு நாள்கணக்கில் வாதாடியவர் அவர். வந்தவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு இல்லாத அவசரம் நமக்கு ஏன்?

நம் புனிதர் தேவசகாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே 15-ஆம் தேதி அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்த மலையிலும் கொண்டாடினார்கள். நீலகண்ட பிள்ளை என்ற அந்தத் திருவிதாங்கூர் அரசாங்க அலுவலருக்கு விசுவாசம் வகுப்பிலிருந்து வரவில்லை. அடுக்கடுக்கான இழப்புகளால் மனம் ஒடிந்திருந்த காலத்தில், டச்சுத் தளபதி தே லன்னாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. நண்பனின் துக்கத்துக்கு நண்பன் சொன்ன பதில், அவ்வளவுதான். 1745-ல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனைவி பார்கவி அம்மாள் கணவனைப் பின்பற்றி அதே நாளில் போய் நிற்கவில்லை. தயக்கம் இருந்தது. எடுத்துச் சொல்லப்பட்டு, தானே மனம் ஒப்பிய பிறகு ஞானப்பூ ஆனார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் மறைசாட்சியான புனிதர் வீட்டிலேயே கணவன் ஒரு வழியில் முன்னும் மனைவி பின்னுமாகத்தான் நடந்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு இருந்த பொறுமை நம் வீட்டுக்கு இருக்கக் கூடாதா?

பொறுமை என்றால் எவ்வளவு? பிரான்சில் எலிசபெத் லெசர் என்ற பெண், கடவுளே இல்லை என்று சொல்லும் டாக்டர் ஒருவரை 1889-ல் மணந்தார். அவரோடு தர்க்கம் செய்யவில்லை. நாட்குறிப்பு எழுதினார், நோயைத் தாங்கினார், 1914-ல் இறந்தார். கணவர் ஃபெலிக்ஸ் நாட்குறிப்பைப் படித்து மனம் மாறி, 1923-ல் தொமினிக்கன் சபைக் குருவானார். எல்லார் வீட்டிலும் இப்படி நடக்காது. என் வீட்டில் நடக்க வேண்டும் என்று நான் கேட்பதும் இல்லை. நடந்தாலும் என் மனைவிக்குச் சாமியார் ஆகும் எண்ணம் இல்லை. அவிசுவாசியான துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விட்டு விலகாதே, உன் துணையை நீ மீட்பாயோ என்னவோ உனக்கு எப்படித் தெரியும் என்ற பொருளில்தான் பவுலடியாரும் கொரிந்தியருக்கு எழுதினார். முடிவை நம் கையில் அவர் கொடுக்கவில்லை.

திருச்சபை வைத்திருக்கும் வழி ஒன்று இருக்கிறது, யாரும் அதைச் சீந்துவதில்லை. 1972-ல் வந்த வயது வந்தோருக்கான புகுமுகச் சடங்கு முறை. முதலில் விசாரித்துப் பார்க்கும் காலம், அப்போது எந்தக் கட்டும் இல்லை. பிறகு புகுமுக நிலை. அது தேவையானால் சில வருஷங்கள்கூட ஆகலாம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர் பதிவு, மூன்றாம் நான்காம் ஐந்தாம் ஞாயிறுகளில் அவருக்காகப் பங்கே சேர்ந்து செபிக்கும் ஆய்வுச் சடங்குகள், கடைசியில் பாஸ்கா திருவிழிப்பு ராத்திரி ஞானஸ்நானம். எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று திரும்பிப் போகலாம். இந்த முறையின் அழகே அந்தத் திறந்த கதவுதான். முகூர்த்த நாளை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுகிற ஞானஸ்நானத்தில் அந்தக் கதவு இல்லை. மண்டபம் புக் செய்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, இனி அவள் எப்படி வேண்டாம் என்பாள்?

மதம் மாற்றத்தான் கிறிஸ்தவர்கள் கல்யாணம் செய்கிறார்கள் என்று கத்திக்கொண்டிருப்பவர்களுக்கு நான் பதில் எழுத உட்காரவில்லை. ஆனால் அவர்கள் கையில் அத்தாட்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம்முடைய இந்த அவசரம்தான் என்பதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

என் மனைவி இன்றுவரை ஞானஸ்நானம் பெறவில்லை. ஆடியில் அம்மாப்பேட்டைக்குப் போய்க் கூழ் ஊற்றிவிட்டு வருவாள். பிள்ளைகளை ஞாயிறு பூசைக்குக் கிளப்பி விடுவதும் அவள்தான். எனக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது. பெரியவனுக்குப் புது நன்மைக்கு முன்னால் கேள்வி கேட்டுத் தயார் செய்ததும் அவள்தான். பதில்களில் ஒரு தப்புக்கூட விடவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும் கத்தோலிக்க விசுவாசம், பத்து நாளில் ஞானஸ்நானம் பெற்ற எந்த மருமகளுக்காவது தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அக்கா, உங்களுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும், தயங்கிவிட்டேன். பெண்ணைத் தாராளமாக அனுப்புங்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு பத்தரை மணிக்கு வகுப்பறையில் இருப்பேன், டீயும் இருக்கும். ஒப்பிக்க வைக்க மாட்டேன், அவள் கேட்பதற்குப் பதில் சொல்வேன். கல்யாணத்தைக் குறித்த தேதியிலேயே வையுங்கள். விதிவிலக்கு மனுவை எழுத ஃபாதரிடம் நானே கூட வருகிறேன். ஒன்றே ஒன்று, உங்கள் மகனையும் அவளோடு அனுப்புங்கள். புது நன்மைக்குப் பிறகு அவன் ஒரு நாள்கூட மறைக்கல்விக்கு வரவில்லை, என் பழைய பதிவேட்டில் இருக்கிறது.